காலையில் மட்டும் மாட்டும் போல்ட்

நான் மரக்காணத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது அந்த வீட்டில் என்னைவிட அதிக மரியாதையோடு வாழ்ந்துகொண்டிருந்தது ஒரு துப்பாக்கி. அதற்குத் தனி அலமாரி, கித்தான் உறை, அரசாங்க முத்திரை குத்திய லைசென்ஸ் எல்லாம் இருந்தன. எனக்குக் கிடைத்தது டிரங்குப் பெட்டி வைக்க ஒரு மூலையும், மாமியாரின் பல் உடைந்த சீப்பும். கல்யாணம் முடிந்து கோயிலிலிருந்து வீட்டுக்கு வந்து, மாதா படத்துக்கு முன்னால் மெழுகுவத்தி ஏற்றிய கையோடு, மாமனார் என்னைக் கூப்பிட்டு அலமாரியைத் திறந்து அதைக் காட்டினார். அதற்கும் ஒரு கும்பிடு போட வேண்டுமோ என்று நான் நிஜமாகவே யோசித்தேன்.

எழுபதுகளின் நடுவில் நடந்த கதை இது. மாமனார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். புதுச்சேரிப் பக்கம் அப்படிப்பட்டவர்களை 'சொல்தா' என்பார்கள். பென்ஷன் வாங்கிக்கொண்டு சொந்த ஊரில் வந்து உட்கார்ந்து, அவருடைய அப்பா விட்டுப்போன உப்பளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பட்டாளம் அவருக்குக் கொடுத்த நல்ல பழக்கம், காலையில் தன் படுக்கையைத் தானே மடித்து வைப்பது. கெட்ட பழக்கம் குறிபார்த்துச் சுடுவது. கெட்ட பழக்கம் என்பது மாமியாரின் தீர்ப்பு. ஒரு கொக்கை, ஒரு முயலைக்கூட அவர் சுட்டதில்லை. அட்டையில் வட்டம் வரைந்து சுடுவார், அவ்வளவுதான். "காயிதத்தைக் கொல்றதுக்கு ஒரு துப்பாக்கி, அதுக்கு ஒரு லைசென்சு" என்று மாமியார் வாரம் ஒருமுறையாவது சொல்லிவிடுவார்.

துப்பாக்கி பாயிண்ட் டூ டூ. சின்னத் தோட்டா, சின்னச் சத்தம். ஆனால் செமி ஆட்டோமேடிக். குழலின் பின்வாயை மூடும் இரும்புத் துண்டுக்குப் போல்ட் என்று பெயர், ஒவ்வொரு தோட்டாவுக்கும் அதைக் கையால் இழுத்து மூட வேண்டியதில்லை. டிரிகரை அழுத்தினால் வெடிக்கும். வெடித்த வேகத்தில் போல்ட் தானே பின்னால் ஓடி, காலிக் குப்பியை வெளியே துப்பிவிட்டு, திரும்பி வரும்போது அடுத்த தோட்டாவை உள்ளே தள்ளி மூடிக்கொள்ளும். நம் வேலை மறுபடி அழுத்துவது மட்டும். நியாயமாக அப்படித்தான் நடக்க வேண்டும். எங்கள் வீட்டுத் துப்பாக்கியில் போல்ட் பின்னால் போகும், திரும்பி வரும், பாதி வழியில் எதையோ மறந்துபோனவர் மாதிரி நின்றுவிடும்.

இதில் என்ன குடி முழுகிப் போகிறது என்று கேட்கலாம். மாமனாருக்கு முழுகித்தான் போனது. ஒவ்வொரு வருஷமும் ஜனவரி இருபத்தாறாம் தேதி புதுச்சேரியில் ஒரு துப்பாக்கி கிளப்பில் போட்டி நடக்கும். முதலில் நிதானமாகச் சுட வேண்டும், அதில் அவர் எப்படியோ ஒப்பேற்றிவிடுவார். அடுத்தது வேகச் சுற்று. சொன்ன நேரத்துக்குள் மடமடவென்று சுட்டு முடிக்க வேண்டும். அங்கேதான் போல்ட் மாட்டும். என் கல்யாணத்துக்கு முந்தின வருஷம் மாட்டியது. நான் புது மருமகளாகப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கப் போன வருஷமும் மாட்டியது. மூன்று வருஷம் தொடர்ந்து தேறாதவர்களைச் சுடுகிறவர்கள் வரிசையிலிருந்து எடுத்துவிடுவது கிளப்பின் வழக்கம். அப்புறம் வந்து நாற்காலியில் உட்கார்ந்து சோடா குடிக்கலாம். துப்பாக்கியைத் தொட முடியாது.

நான் போன அந்த வருஷம் இன்னொன்றும் நடந்தது. கண்ணாடி மாதிரிப் பளபளக்கும் புதுத் துப்பாக்கி வைத்திருந்த ஒரு இளைஞர், மாமனார் போல்ட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து, பக்கத்தில் இருந்தவரிடம், "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம்" என்றார். மெதுவாகச் சொல்வதாக அவருக்கு நினைப்பு. எங்கள் மாமனாருக்குக் காது பாம்புக்காது. துப்பாக்கியை உறையில் போட்டார். உறையின் பக்கிளை மாட்ட விரல் வரவில்லை. நான் போய் மாட்டிவிட்டேன். வீட்டுக்கு வந்து, வாசலில் காத்திருந்த மாமியாரிடம், "மாட்டிக்கிச்சு" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில். மனிதர்கள் மேல் வருவதைவிடப் பொருட்கள் மேல்தான் அதிகம் வரும். பற்றாத ஸ்டவ்வை எட்டி உதைத்திருக்கிறேன். திறக்காத ஜன்னலோடு பேச்சுவார்த்தை நடத்தித் தோற்றுக் கண்ணாடியை உடைத்திருக்கிறேன். அந்தப் பழமொழியைக் கேட்டதும் எனக்கு வந்த கோபம் அந்த இளைஞர் மேல் பாதி, போல்ட் மேல் பாதி. கூடம் நிஜமாகவே கோணல்தான் என்று அடுத்த ஜனவரிக்குள் நிரூபித்துக் காட்டுவது என்று பஸ்ஸிலேயே முடிவு செய்துவிட்டேன். மாமனார் ஆடத் தெரிந்தவர்தானா என்ற கேள்வி எனக்குள் எழவே இல்லை. வீட்டில் யாருக்கும் எழவில்லை.

கோடையெல்லாம் உப்பளத்தில் வேலை மும்முரமாக இருந்ததால் துப்பாக்கி விவகாரம் ஒத்திப்போடப்பட்டது. மழை வந்து பாத்திகளெல்லாம் குளமாகிவிட்டால் எங்கள் ஊர் ஆண்களுக்கு வேலை இல்லை. வேலை இல்லாத ஆணுக்கு யோசனை சொல்வதுதான் வேலை. கார்த்திகை பிறந்ததும் எங்கள் வீட்டு முற்றத்தில் தலைக்குத் தலை பெரிய மனிதர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். தோட்டா பழசு, ஈரம் பிடித்திருக்கும் என்றார் ஒருவர். மாமனார் புதுப் பெட்டி வாங்கிவந்தார். மாட்டியது. ஸ்பிரிங் தளர்ந்திருக்கும் என்றார் இன்னொருவர். தோட்டா அடுக்கும் மேகசினின் வாய் கோணியிருக்கும் என்று மூன்றாமவர் சொல்ல, இருந்த இன்னொரு மேகசினைப் போட்டுப் பார்த்தார். அதற்கும் மாட்டியது. உப்பளத்து மேஸ்திரி மட்டும் வேறு மாதிரி நோய் கண்டுபிடித்தார். துப்பாக்கிக்குக் கண்ணுபட்டிருக்கிறது, மிளகாய் சுற்றிப் போட வேண்டும் என்றார். "தோட்டா கீற சாமானுக்குப் பக்கத்துல நெருப்பு மூட்டச் சொல்றியா ஏம்பா?" என்று மாமனார் கேட்டதும் அவர் பேச்சை மாற்றிவிட்டார்.

கடைசியில் புதுச்சேரியில் துப்பாக்கி பழுது பார்க்கும் கடைக்கே எடுத்துக்கொண்டு போனார்கள். அங்கே போய்ச் சேர மதியமாகிவிட்டது. கடைக்காரர் வாங்கி, இழுத்து விட்டார். போல்ட் 'சடக்'கென்று பின்னால் போய் 'சடக்'கென்று முன்னால் வந்தது. இன்னொரு முறை இழுத்தார். அதே சடக். ஸ்பிரிங் புதுசு மாதிரி இருக்கிறது, கை வைக்க வேண்டாம், என்னைவிட இது ஆரோக்கியமாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார். மாமனாருக்குச் சந்தோஷப்படுவதா, அவமானப்படுவதா என்று தெரியவில்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, முதல் பூசை முடிந்து வந்து, உப்பளத்து மண்மேட்டைப் பார்த்து ஒரு தோட்டா சுட்டார். போல்ட் பாதியில் நின்றது.

ஞாயிற்றுக்கிழமைதான் அவருக்குப் பழகும் நாள். அதற்கு முந்தின சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் நாள். இது அந்த வீட்டில் மாற்ற முடியாத சட்டம். மாலையில் மாமனார் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு கிணற்றடியில் உட்காருவார். வெங்கலக் கிண்ணத்தில் தேங்காயெண்ணெய். உச்சி முதல் உள்ளங்கால் வரை தேய்த்துக்கொண்டு, ஊறுகிற நேரத்தில் சும்மா இருக்கப் பிடிக்காமல், கிண்ணத்தில் மிச்சமிருந்த எண்ணெயில் ஒரு கோழி இறகைத் தோய்த்து வீட்டுச் சாமான்களைக் கவனிப்பார். கிணற்று உருளை, கதவுக் கீல், சைக்கிள் செயின், கடைசியாகத் துப்பாக்கி. இதை யாரும் தப்பு சொல்ல முடியாது. எங்கள் ஊர் உப்புக்காற்றில் ராத்திரி வெளியே வைத்த அரிவாள் காலையில் செங்கல் நிறத்தில் இருக்கும். இந்தக் கரையில் இரும்பு வைத்திருப்பவன் எண்ணெய்க் கிண்ணத்தோடு அலையத்தான் வேண்டும். போல்ட் மாட்ட ஆரம்பித்த பிறகு துப்பாக்கிக்கு இன்னும் நாலு சொட்டு கூடவே விட்டார்.

நான் ஞாயிறு காலைகளில் அவரோடு உப்பளத்துக்குப் போய் உட்கார ஆரம்பித்தேன். புது மருமகள் துப்பாக்கிக்குப் பின்னால் போகிறாள் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். பேசட்டும். காலையில் மாட்டும். அவர் கையால் இழுத்து விடுவார், மறுபடி மாட்டும். அலுத்துப்போய் துப்பாக்கியை மண்மேட்டில் சாய்த்துவிட்டு, நான் கொண்டுபோன இட்லியைச் சாப்பிட்டு, மடை உடைந்த இடத்தைப் பார்த்துவிட்டு வந்து எடுத்தால் ஒழுங்காக ஓடும். இரண்டு மூன்று வாரம் பார்த்தேன். வெயில் ஏறினால் ஓடுகிறது, காலையில்தான் மாட்டுகிறது என்று வீட்டில் வந்து சொன்னேன். என் வீட்டுக்காரர் திண்டிவனத்தில் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. பத்து மணிக்கு மேல்தான் வேலை செய்யும் என்றால் அதை எங்கள் ஆபீஸிலேயே சேர்த்துவிடலாம் என்று சொல்லிவிட்டுப் பேப்பரை விரித்துக்கொண்டார். அவர் அப்படித்தான். ஊர் தீப்பற்றி எரிந்தாலும் ஒரு வேடிக்கை சொல்லிவிட்டுத்தான் தண்ணீர் தேடுவார்.

மார்கழியில் ஒரு காலை, எனக்குப் பொறுமை போய்விட்டது. துப்பாக்கியைப் பிரித்துப் பார்த்தே ஆக வேண்டும் என்றேன். மாமனார் திகைத்தார். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. அந்தத் துப்பாக்கியை வாங்கிய நாளிலிருந்து அவர் போல்ட்டைக் கழற்றியதே இல்லை. பட்டாளத்தில் வேறு துப்பாக்கி, அதைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றுவாராம். இதில் போல்ட்டுக்குப் பின்னால் ஒரு நீள ஸ்பிரிங் இருக்கிறது. யாரோ ஒருவர் கழற்றும்போது அது பறந்துபோய் எங்கேயோ விழுந்து, கடைசிவரை கிடைக்கவில்லையாம். இந்த ஊரில் இந்த ஸ்பிரிங்குக்கு எங்கே போவது? அந்தப் பயத்தில், காலிக் குப்பி வெளியே வருகிற அந்தச் சின்ன ஜன்னல் வழியாக இறகால் எண்ணெய் விடுவது, வெளியே துணியால் துடைப்பது, இவ்வளவுதான் அவருடைய பராமரிப்பு. வெளியே பார்த்தால் மாப்பிள்ளை. உள்ளே என்ன இருக்கிறது என்று ஆண்டவருக்குத்தான் தெரியும்.

ஸ்பிரிங் பறக்காமல் இருக்க எனக்கு ஒரு வழி தோன்றியது. சாப்பாட்டு மேஜை மேல் உத்திரத்திலிருந்து எங்கள் கொசுவலையைக் கட்டித் தொங்கவிட்டேன். மேஜைக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான், நாலு கையும் வலைக்குள், இரண்டு தலையும் வெளியே. முதலில் அவர் மேகசினைக் கழற்றி என் கையில் கொடுத்தார். போல்ட்டை இழுத்துப் பிடித்து, தோட்டா உட்காரும் அறை காலி என்று கண்ணால் பார்த்தது போதாமல் சுண்டுவிரலையும் விட்டுப் பார்த்தார். அதில் மட்டும் பட்டாளம் இம்மியளவும் விட்டுக்கொடுக்காது. அப்புறம் திருகாணியைக் கழற்றினோம். துப்பாக்கியின் மரக்கட்டை தனியாக வந்தது. ஒரு பின்னைத் தள்ளினோம். ஸ்பிரிங் சொன்னபடி பறந்தது. கொசுவலையில் போய் மோதி, மீன் மாதிரி துள்ளி, மேஜையிலேயே விழுந்தது. மாமனார் என்னைப் பார்த்த பார்வையில், அலமாரியில் எனக்கும் ஒரு தட்டு ஒதுக்குவார் போலிருந்தது.

போல்ட் மட்டும் லேசில் வெளியே வரவில்லை. இழுத்தால் பிசுபிசுவென்று நகர்ந்து, நின்று, நகர்ந்து, ஒருவழியாக வந்தது. பார்த்தால் அது இரும்பாகவே இல்லை. அடிப்பக்கம், ஓரம், அது ஓடுகிற பள்ளம் எல்லாவற்றிலும் சாம்பல் நிறத்தில் ஏதோ அப்பியிருந்தது. சில இடங்களில் வெள்ளையாக, கெட்டியாக. வண்டிச் சக்கரத்துக்குப் போடும் மசையா என்றால் இல்லை. எந்தக் கடையிலும் இப்படி ஒரு சாமானை நான் பார்த்ததில்லை. நாங்கள் இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, சாப்பாட்டு மேஜையில் கொசுவலை கட்டிய அநியாயத்தைக் கேட்க மாமியார் வந்தார். வலையைத் தூக்கி, வெள்ளையாக இருந்த இடத்தில் விரலை வைத்துத் தேய்த்தார். விரல் சூட்டில் அது உருகி ஓடியது. மூக்கருகே கொண்டுபோனார்.

"இது நம்ம வூட்டுத் தேங்காயெண்ணெ ஆச்சே. எண்ணெ எங்க போவுது, எங்க போவுதுன்னு தேடிக்கினு இருந்தேன். இங்கதான் போயிருக்குதா?"

நான் சமையலறையைப் பார்த்தேன். அங்கே எங்கள் எண்ணெய் பாட்டில், மார்கழிக் குளிரில் உறைந்து, கவிழ்த்தாலும் விழாமல், அடுப்புக்குப் பக்கத்தில் சூடு காய்ந்துகொண்டிருந்தது. தினம் காலையில் தலைவார அந்தப் பாட்டிலோடு நான்தான் போராடுகிறேன். குச்சியை விட்டுக் குடைவேன், வெயிலில் வைப்பேன், திட்டுவேன். மூன்று பேரும் பிறந்ததிலிருந்து மார்கழி மாதம் எண்ணெய் உறைவதைப் பார்த்து வளர்ந்தவர்கள். ஒருத்தருக்கும் தோன்றவில்லை. பாட்டிலில் உறையும் எண்ணெய் துப்பாக்கிக்குள் போனால் மட்டும் மரியாதைக்குப் பயந்து உறையாமல் இருக்குமா என்ன? ராத்திரி உறைந்து காலையில் போல்ட்டைப் பிடித்துக்கொள்ளும். வெயில் ஏறினால் உருகி விட்டுவிடும். மதியம் கடைக்காரர் கையில் அது யோக்கியனாக இருந்ததில் என்ன ஆச்சரியம்.

இது போதாதென்று இந்தச் சின்னத் தோட்டா சுடச்சுட நிறையக் கரி விடும். கரியும் எண்ணெயும் வருஷக்கணக்காகக் குழைந்து, குழந்தைக்குக் கண் மை கூட்டிய மாதிரி ஆகிவிட்டிருந்தது. போல்ட் மாட்டியது என்று எண்ணெய் விட்டார். எண்ணெய் விட்டதால் மாட்டியது. நோயையே மருந்து என்று ஊட்டிக்கொண்டிருந்திருக்கிறார் மனிதர். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, தோட்டாக் கடைக்காரனையும் ஸ்பிரிங் செய்தவனையும் ஊரே திட்டியது, பாவமெல்லாம் வெங்கலக் கிண்ணத்தில் இருந்திருக்கிறது.

அன்றைக்கு முழுக்கச் சுத்தம் செய்தோம். ஒரு தட்டில் மண்ணெண்ணெய் ஊற்றி போல்ட்டை ஊற வைத்தேன். என் வீட்டுக்காரரின் பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்தேன். பிரஷ் பழசுதானா என்று எடுத்த பிறகுதான் யோசித்தேன். பள்ளங்களுக்கு விளக்குமாற்று ஈர்க்குச்சியில் துணி சுற்றி விட்டேன். காலிக் குப்பியைக் கவ்வி இழுக்கிற ஒரு சின்னக் கொக்கி இருக்கிறது, அதன் அடியில் மட்டும் நகக்கண்ணில் அழுக்கு எடுப்பது மாதிரி அரை மணி நேரம் எடுத்தேன். மாமனார் குழலைப் பார்த்துக்கொண்டார். கிழிந்த வேட்டித் துணி வெள்ளையாகத் திரும்பி வரும்வரை துடைத்து, காய வைத்து, தையல் மிஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு விட்டு, அதையும் துடைத்துவிட்டோம். ஒரு சொட்டுதானா என்று அவருக்கு மனசே கேட்கவில்லை. பட்டினி போடுவதாக நினைத்தார்.

மறுநாள் நல்ல பனி. அந்தக் குளிரிலேயே கிளம்பிப் போய் மண்மேட்டைப் பார்த்துச் சுட்டார். ஒரு மேகசின் முழுக்க, நிற்காமல் ஓடியது. பித்தளைக் குப்பிகள் வரிசையாகத் துள்ளித் துள்ளிக் குதித்தன. இன்னொரு மேகசின். அதுவும் ஓடியது. மாமனார் வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தேன். குண்டெல்லாம் மண்மேட்டில் எங்கே போய் விழுந்தது என்று இரண்டு பேரும் பார்க்கவில்லை. போல்ட்டையேதான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அதற்கப்புறம் என் வாயைப் பிடிக்க ஆளில்லை. தெருவில், கிணற்றடியில், கோயில் வாசலில், கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் சொன்னேன். முற்றத்துப் பெரிய மனிதர்கள் அத்தனை பேரும் கண்டுபிடிக்காததைக் கண்டுபிடித்தவள் நான். உருகின எண்ணெயை முகர்ந்தது மாமியார்தான் என்பதைச் சொல்லும்போது மட்டும் கொஞ்சம் வேகமாகச் சொல்லிவிடுவேன். சனிக்கிழமை வந்தால் கிண்ணத்துக்கும் துப்பாக்கிக்கும் நடுவில் காவல் நிற்பேன். போட்டிக்கு முந்தின மாலை மாமனார் கோழி இறகோடு அலமாரிப் பக்கம் இரண்டு நடை வந்தார். ஒரு பெரிய நாளைக்கு எண்ணெய் வைக்காமல் அனுப்புவது அவருக்கு அபசகுனமாகப் பட்டது. நான் அலமாரிச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு, போய்த் தலைக்குத் தேய்த்துக்கொள்ளுங்கள் மாமா என்று சொல்லிவிட்டேன்.

குடியரசு தினத்துக்கு என் வீட்டுக்காரர் ஆபீஸில் கொடியேற்றப் போக வேண்டும். மாமியாருக்கு பஸ் ஏறினால் வாந்தி. அதனால் நானும் மாமனாரும் மட்டும் முதல் பஸ்ஸில் கிளம்பினோம். கீழ்புத்துப்பட்டு தாண்டும்போது சவுக்குத் தோப்புக்கு மேல் வெளிச்சம் வந்தது. பெரிய முதலியார்சாவடி வரைக்கும் நான் பேசிக்கொண்டே வந்தேன். பழமொழி சொன்ன அந்த ஆளைப் பார்த்து என்ன சொல்லலாம் என்று ஏழெட்டு வாக்கியம் தயார் செய்து அவரிடம் ஒப்பித்துக் காட்டினேன். அதெல்லாம் வேண்டாம்மா என்று சொன்னாரே தவிர, எது நன்றாக இருக்கிறது என்பதை முகத்தை வைத்தே கண்டுபிடித்துவிட்டேன்.

கிளப்பில் நல்ல குளிர். பனி இன்னும் புல்லில் இருந்தது. எனக்கு அது சந்தோஷமாக இருந்தது. இந்தக் குளிரில் ஓடினால்தான் ஓடினதாக அர்த்தம். வேகச் சுற்றுக்கு அவர் போய் நின்றார். விசில் ஊதினார்கள். சுட ஆரம்பித்தார். நான் போல்ட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். போனது, வந்தது, போனது, வந்தது. ஒவ்வொரு குப்பி வெளியே குதிக்கும்போதும் என் கால் கட்டைவிரல் செருப்புக்குள் ஒரு குதி குதித்தது. கடைசித் தோட்டாவும் வெடித்து முடிந்தபோது நேரம் மிச்சமிருந்தது. நான் கை தட்டிவிட்டேன். அங்கே யாரும் கை தட்டும் வழக்கமில்லை போலிருக்கிறது, எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பழமொழிக்காரரும் பார்த்தார். தயார் செய்து வைத்த வாக்கியத்தில் முதலாவதை நாக்கு நுனிக்குக் கொண்டுவந்து வைத்துக்கொண்டேன்.

அட்டையைக் கழற்றிக்கொண்டு வந்து மாமனாரிடம் கொடுத்தார்கள். அவர் அதைக் கையை நீட்டித் தூரமாகப் பிடித்துப் பார்த்தார். அப்புறம் முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார். வெளிச்சம் படுகிற பக்கமாகத் திரும்பி நின்று பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு அட்டையை என் கையில் கொடுத்தார்.

"எத்தனைம்மா இருக்குது?"

எனக்கு முதலில் புரியவில்லை. ஓட்டைகள் பளிச்சென்று தெரிந்தன. கறுப்பு வட்டத்துக்குள் இரண்டு. வெளியே ஓரத்தில் மூன்று நாலு. மீதி அட்டையிலேயே இல்லை. கொஞ்சம் சிதறியிருக்கிறது மாமா என்றேன்.

"சிதறினதைத்தான் கேக்கறேன். எனக்கு ஓட்டையே தெரியலம்மா. எத்தனை?"

சொன்னேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். மூன்றாவது வருஷமும் தேறவில்லை, இனி நாற்காலியும் சோடாவும்தான். யாருக்குப் பதில் சொல்ல நான் தயாராக வந்திருந்தேனோ அந்த இளைஞர் எங்களிடம் வந்தார். பழமொழி எதுவும் சொல்லவில்லை. துப்பாக்கி இன்றைக்கு அருமையாக ஓடியது சார் என்று மாமனாரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். மனசாரத்தான் சொன்னார், அதுதான் தாங்க முடியவில்லை. பழமொழியையே இன்னொரு தரம் சொல்லியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். மாமனார் அவருக்கு நன்றி சொன்னார். துப்பாக்கியை உறையில் போட்டு, பக்கிளைத் தானே மாட்டினார். இந்த முறை விரல் ஒழுங்காக வந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தார். வேர்க்கடலை வாங்கி, பாதியை என் கையில் கொட்டினார். இந்த வருஷம் உப்புக்கு விலை நிற்குமா என்பது பற்றிக் கொஞ்சம் பேசினார். நான் ம்ம் என்றேன். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. இரண்டு வருஷமாகக் குறி தப்பியதற்கெல்லாம் ஒரு போல்ட் பழி சுமந்துகொண்டிருந்திருக்கிறது. அது மாட்டிக்கொண்டிருந்தவரை அவர் நல்ல சுடுகிறவராகவே இருந்தார். நான் கொசுவலை கட்டி, ஈர்க்குச்சி விட்டு, அதைச் சுத்தமாகத் துடைத்து எடுத்துவிட்டேன். ஊரெல்லாம் தம்பட்டம் வேறு.

வீட்டு வாசலில் மாமியார் நின்றுகொண்டிருந்தார். ஆபீஸிலிருந்து சீக்கிரமே வந்துவிட்ட என் வீட்டுக்காரர் அவருக்குப் பின்னால், என்ன வேடிக்கை சொல்லலாம் என்ற முகத்தோடு நின்றார். மாமனார் குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார். மாமியார் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்னா ஆச்சு? மறுபடியும் மாட்டிக்கிச்சா?"

மாமனார் நிமிரவில்லை. அவர் கை கயிற்றிலேயே நின்றது. வருஷா வருஷம் அந்த வாசலில் அவர் சொல்கிற ஒரு வார்த்தை உண்டு, இந்த வருஷம் அது அவரிடம் இல்லை. நான் முந்திக்கொண்டேன்.

"ஆமா அத்தை, மாட்டிக்கிச்சு. நான்தான் சரியா துடைக்கல."

சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தேன். முற்றத்துப் பெரிய மனிதர்கள் நாளைக்கே வந்து சிரிப்பார்கள், சிரிக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன். மாமனார் கயிற்றை விட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"பொய் சொல்றா. ஒரு தடவகூட மாட்டல. இவ பண்ணது சுத்தமான வேலை, அங்க இருந்தவங்க எல்லாம் பார்த்தாங்க. என் கண்ணுதான் போயிடுச்சு."

என் வீட்டுக்காரர் குனிந்து அப்பாவின் பூட்ஸ் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார். வேடிக்கை சொல்லாமல் அவர் ஒரு வேலையில் இறங்கி நான் பார்த்தது அபூர்வம். மாமியார் வந்து மாமனாரின் தோளிலிருந்து உறையை வாங்கிக்கொண்டார். துப்பாக்கியை அவர் கையால் தொட்டது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். நாளைக்கே போய்க் கண்ணைக் காட்டிவிட்டு வரலாம் என்றார், வழக்கமான குரலில் சொல்லப் பார்த்தார்.

நான் சொன்னதுதான் சரி என்று மற்றவர்கள் வாயால் கேட்பதற்காக எத்தனையோ சண்டை போட்டவள் நான். அன்றைக்கு ஒருவர் சொன்னார். அதைச் சொல்வதற்காகத் தன்னிடம் மிச்சமிருந்த ஒரே சாக்கையும் எடுத்துக் கொடுத்துவிட்டுச் சொன்னார். எனக்கு அழுகை வந்தது. சமையலறைக்குள் போய் அழுது முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவருக்குச் சோறு போட்டேன். அன்றைக்குக் காரப்பொடிக் குழம்பு. பொடிப் பொடியாக முள் இருக்கிற மீன். பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக முள்ளை எடுத்து, சதையை மட்டும் தட்டின் ஓரத்தில் வைத்தேன். அவர் வேண்டாமென்று சொல்லவில்லை.